கோடு நின்ற இடம்

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது காதர் அண்ணனிடமிருந்து போன் வந்தது. நஸீமாவின் அண்ணன் அவர்.

"தங்கச்சி, நஸீமா மவுத்தாயிட்டாம்மா" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. பின்னால் பெண்கள் அலறுவது கேட்டது. யாரோ போனை வாங்கி மீதியைச் சொன்னார்கள். விடியற்காலை பஜ்ரு தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யக் குளியலறைக்குப் போனவளுக்கு அங்கேயே வலிப்பு வந்திருக்கிறது. விழுந்த வேகத்தில் பின்மண்டை தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் மோதியிருக்கிறது. கதவை உடைத்துத் தூக்கியபோது உயிர் இல்லை.

மூலக்குளத்தில் அவள் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தெருவே திரண்டிருந்தது. இதைப் படிக்கும் உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்களாம், பாவம்" என்ற பேச்சு அன்று முழுக்க என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. கேட்கக் கேட்க எனக்கு ரத்தம் கொதித்தது. அவள் வழுக்கி விழவில்லை. அவளைக் கொன்றார்கள். தட்டாஞ்சாவடியில், பட்டப்பகலில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவளை இரும்புக் குழாயால் மண்டையில் அடித்தார்கள். அந்த அடி அவள் உயிரை எடுத்து முடிக்கச் சில வருடங்கள் ஆயின, அவ்வளவுதான். நான் இந்த அஞ்சலியை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்வதற்காகத்தான். 'அவர்' என்று எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல் இருக்கிறது. எனவே அவள் என்றே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். பொருள்களை வடிவமைக்கிறவர்கள் கையால் வரைந்து அனுப்பும் படங்களைப் பார்த்து, அந்தப் பொருள் முழு உருவத்தில் எப்படி இருக்கும் என்று கண்டுபிடித்து, கணினியில் முப்பரிமாண மாடலாகக் கட்டித் தருவது எங்கள் தொழில். மிக்ஸி வரும், நாற்காலி வரும், ஸ்கூட்டரின் முன்பக்கம் வரும். காகிதத்தில் நீளமும் அகலமும்தான் இருக்கும். ஆழம் எங்கள் பொறுப்பு. ஒரு வட்டம் போட்டிருந்தால் அது பந்தாகவும் இருக்கலாம், தட்டாகவும் இருக்கலாம், குழாயின் வாயாகவும் இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் கோடுகளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நஸீமாவுக்கும் எனக்கும் ஒரே வயது. எனக்குக் கொஞ்சம் முன்பு வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு மின்சாரக் கெட்டிலின் படம் வந்தது. அதைப் பார்த்து மாடல் செய்து, பிளாஸ்டிக்கில் அச்செடுத்து, மேசைமேல் பெருமையாக வைத்திருந்தேன். நஸீமா வந்து அதைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். அப்படியே ஓங்கித் தரையில் அடித்தாள். கைப்பிடி இரண்டாக உடைந்து பக்கத்துக்கொன்றாகத் தெறித்தது.

"இன்னாடி பண்ற?" என்று பதறினேன்.

"கைப்பிடிய முழுக் கெட்டியா வெச்சிருக்க. கொதிக்கிற தண்ணிய ஊத்தறவ கை வெந்து போயிடும்" என்றாள் அவள். படத்தை என் மூக்குக்கு நேரே பிடித்தாள். "கைப்பிடிக்குக் குறுக்கால மெல்லிசா ஒரு கோடு வளைஞ்சு போவுது பாரு. அழகுக்கா போட்டான்? இந்த எடம் உள்வாங்கிப் போவுதுன்னு சொல்றான் வரைஞ்சவன். நீ ஓரத்தக் கோட்ட மட்டும் பாத்துட்டு உள்கோட்ட விட்டுட்ட."

"அத மெதுவா சொல்லக் கூடாதா?"

"மெதுவா சொன்னா நாளைக்கே மறந்துடுவ ஜெசி."

எங்கள் முதலாளி அந்துவான் பிரான்சில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டுத் திரும்பியவர். சண்டை கேட்டால் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "தூஸ்மான், நஸீமா, தூஸ்மான்" என்பார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். அவள் ஒருநாளும் மெதுவாக இருந்ததில்லை. விசைப்பலகையைச் சுவரில் அடித்திருக்கிறாள். மாடிப்படியில் என்னை இடித்துவிட்டுச் சிரித்தவனை அங்கேயே செருப்பால் அடித்திருக்கிறாள். ஆனால் படத்தின் முன் உட்கார்ந்துவிட்டால் அவள் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காது. வரைந்தவரின் கை எங்கே வேகமாகப் போயிருக்கிறது, எங்கே தயங்கி ஒரே கோட்டைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பாள். "இவனுக்கே இந்த எடம் தெரியல. போனப் போட்டுக் கேளு. தெரியாத பக்கத்த நாமளே முடிவு பண்ணக் கூடாது" என்பாள். பிறகு, படத்தைக் கொடுத்தால் தானாகவே முழு உருவத்தை ஊகித்துக் கட்டும் மென்பொருள் வந்தது. அதைப் பார்த்துவிட்டு அவள் சொன்னது: "நல்லாத்தான் பண்ணுது. ஆனா கேக்கவே மாட்டேங்குது. தெரியாத பக்கத்தையும் தெரிஞ்ச மாதிரி மூடிடுது."

எங்கள் ஊரிலேயே இருக்கும் மேட்டுப்பாளையத்தில் எஃகுத் தகட்டைக் கிண்ணமாக மடக்கும் ஒரு தொழிற்சாலையிலிருந்து அந்த வேலை வந்தது. அங்கே ஒரு பிரஸ் இயந்திரம். கீழே தகட்டை வைத்துக் காலால் மிதித்தால் மேலிருந்து பெரிய எடை இறங்கி அடிக்கும். அடிக்கும் இடத்துக்குள் தொழிலாளியின் கை போகாமல் இருக்க ஒரு காப்பு வேண்டும். அந்தத் தொழிற்சாலை முதலாளி தன் கையாலேயே படம் போட்டுக் கொண்டுவந்தார். இயந்திரத்தை வரைந்து, அதன் முன்னால் ஒரு செவ்வகம் போட்டிருந்தார். அதுதான் காப்பு. செவ்வகம் என்றால் என்ன? நான்கு பக்கமும் மூடிய பெட்டியா, இல்லை வெறும் கம்பிச் சட்டமா? வழக்கம்போல நஸீமா போன் போட்டுக் கேட்டாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். "பெட்டிதாம்மா, மூடுன பெட்டி" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. அப்படியே செய்து அனுப்பினோம்.

சில மாதங்கள் கழித்து ஒரு மாலையில் அந்துவானுக்கு அந்த முதலாளியிடமிருந்து போன். பிரஸ்ஸில் செல்வி என்ற பெண்ணின் கை போய்விட்டது, உங்கள் வடிவமைப்புதான் காரணம் என்று கத்தினார். அந்துவான் வெளிறிப்போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நஸீமா தன் பையை எடுத்துக்கொண்டாள். "வண்டிய எடுடி" என்றாள் என்னிடம்.

நாங்கள் போனபோது தரையைக் கழுவியிருந்தார்கள். ஆனால் இயந்திரத்தின் அடியில், தண்ணீர் எட்டாத இடத்தில், ரத்தம் கருத்து உறைந்திருந்தது. அதில் உடைந்த கண்ணாடி வளையலின் துண்டுகள் ஒட்டியிருந்தன. நாங்கள் வரைந்து கொடுத்த பெட்டி அங்கே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய கம்பிகளை வளைத்து ஒரு சட்டம் பற்றவைத்திருந்தார்கள். கம்பிகளுக்கு நடுவே என் தலையே நுழையும். பெட்டி வைத்தால் ஒவ்வொரு தகட்டுக்கும் அதைத் திறந்து மூட வேண்டும், வேலை மெதுவாகிவிடும் என்று அங்கிருந்த ஒருவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

முதலாளி வந்தார். நஸீமா கேட்டாள்: "பெட்டி எங்க?"

"என் படத்துல இருக்கறது கம்பிதான். நீங்க தப்பாப் புரிஞ்சிக்கிட்டு பெட்டியா போட்டு அனுப்புனீங்க. அது மெஷின்ல உக்காரல. அதனால படத்துல இருந்தபடி கம்பியே வெச்சோம். கம்பி ஆபத்துன்னு நீங்கதான சொல்லியிருக்கணும்?"

அவள் அவர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டாள். அப்படியே இழுத்து இயந்திரத்தின் பக்கத்தில் கொண்டுபோய், "உன் கைய உள்ள வெய்யி. வெச்சுக் காட்டு. நான் மிதிக்கறேன்" என்றாள். அவள் கால் நிஜமாகவே மிதியின்மேல் இருந்தது. மின்சாரம் நிறுத்தியிருந்தது அவளுக்குத் தெரியுமா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. தொழிலாளர்கள் ஓடிவந்து பிரித்தார்கள். பித்தான்கள் தெறித்த சட்டையோடு அவர் சொன்னார்: "இந்தப் படத்த நம்பித்தான ஆடற? பாத்துக்கறேன்."

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் செல்வியைப் பார்த்தோம். சின்னப் பெண். வலது கை முழங்கைக்குச் சற்றுக் கீழே முடிந்து, கட்டுப்போட்டு, தலையணைமேல் கிடந்தது. "கை உள்ள இருக்கும்போதே எறங்கிடுச்சுக்கா" என்றாள். "மொதல்ல சத்தம்தான் கேட்டுச்சு, மட்டை முறியற மாதிரி. யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு திரும்பிப் பாத்தேன். அப்புறந்தான் அது நான்னு தெரிஞ்சுது." நஸீமா எழுந்து வராந்தாவுக்குப் போனாள். சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். நான் தோளைத் தொட்டபோது, "தொடாத" என்றாள்.

அலுவலகம் திரும்பியதும் முதலாளி வரைந்த படத்தை எடுத்து மேசைமேல் விரித்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். "இங்க பாரு ஜெசி. மெஷினோட தூண் மேலேருந்து எறங்கி வருது. செவ்வகத்தோட விளிம்புல வந்து நிக்குது. அடியில திரும்பவும் ஆரம்பிக்குது. அடிக்கிற எடை, அடிப்பலகை, எல்லாமே செவ்வகத்துகிட்ட வந்து நின்னுடுது. நடுவுல ஒண்ணுமே இல்ல."

"ஆமா. அதுக்கென்ன?"

"கம்பியா இருந்தா பின்னால இருக்கறது தெரியும்ல? கோடு உள்ளயும் போயிருக்கும்ல? இவன் எல்லாத்தையும் நிறுத்தியிருக்கான். ஏன்னா அவன் மனசுல அங்க ஒரு தகடு இருந்துச்சு. மறைக்கிற தகடு. வரையும்போது அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு ஜெசி. தெரிஞ்சேதான் கழட்டியிருக்கான்."

மறுநாளே அந்தப் படத்தை, விபத்தை விசாரித்த தொழிலாளர் துறை அதிகாரியிடம் நேரில் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவர்கள் வந்தது மதியம், சாப்பாட்டு நேரத்தில். அந்துவான் வெளியே போயிருந்தார். நஸீமா டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், நான் எதிரே. ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் படியேறி வந்தார்கள். ஒருவன் கையில் செய்தித்தாள் சுற்றிய ஏதோ இருந்தது.

"மேட்டுப்பாளையம் பிரஸ் படம் எங்க?"

"நீ யாரு?" என்றாள் நஸீமா. வாயில் சோறு இருந்தது.

"எங்கன்னு கேட்டேன்."

"ஆபீசர்கிட்ட குடுத்தாச்சு. போய் அவருகிட்ட கேளு. போறப்ப ஹெல்மெட்ட கழட்டிட்டுப் போ, மூஞ்சி தெரியணும்."

செய்தித்தாளுக்குள் இருந்தது குழாய். முதல் அடி அவள் காதுக்கு மேலே விழுந்தது. அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை. அவள் நாற்காலியோடு சாய்ந்தாள். சோறும் ரத்தமும் மேசையெல்லாம் சிதறின. இரண்டாமவன் கணினிகளை இழுத்துத் தரையில் போட்டு மிதித்தான். நான் அலறிக்கொண்டே என் நாற்காலியைத் தூக்கி வீசினேன். அது அவன் முதுகில் பட்டது. அவன் திரும்பி என்னைச் சுவரோடு தள்ளினான். தோள் எலும்பு விலகியது எனக்கு அப்போது தெரியவில்லை. முதலாமவன் தரையில் கிடந்தவளை மறுபடி அடிக்கக் குனிந்தான். அவள் செத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் கை மட்டும் மேசைக் காலைப் பற்றி மேலே ஏறி, எதையோ தேடி எடுத்தது. அளவெடுக்கும் கவராயம். இரண்டு கூரான எஃகு முனைகள். ஹெல்மெட்டின் கண்ணாடி திறந்திருந்தது. அதற்குள் குத்தினாள்.

அவன் போட்ட சத்தத்தில்தான் கீழே லேத் ஓட்டுகிறவர்களுக்கு விஷயம் தெரிந்தது. கையில் கிடைத்த ஸ்பேனர்களோடு மேலே ஓடிவந்தார்கள். ஒருவன் ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பினான். குழாய் வைத்திருந்தவன் படியில் விழுந்து கிடந்தான். அவனைப் போட்டு அடித்தார்கள். போலீஸ் வரும்வரை அடித்தார்கள். தினேஷ் என்று பெயர். அவனுடைய இடது கண் போய்விட்டது.

நஸீமாவின் மண்டையைத் திறந்து ரத்தக் கட்டியை எடுத்தார்கள். பல நாள் அவள் யாரையும் அடையாளம் காணவில்லை. தொழுகை விரிப்பிலிருந்து எழாமல் காதர் அண்ணன் ஆஸ்பத்திரி மூலையிலேயே கிடந்தார். நினைவு திரும்பிய பிறகு அவள் முதலில் கேட்டது ஸ்கேன் படங்களை. தலையை மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாக நறுக்கியதுபோல் எடுக்கும் படங்கள் அவை. டாக்டர் அம்மா நல்லவர், தயங்காமல் கொண்டுவந்து காட்டினார். நஸீமா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பார்த்ததைக் காற்றில் கையால் வரைந்து எனக்குச் சொன்னாள்: "மேல சின்னதா இருக்கு. கீழ வரவர அகலமாவுது. அடியில வந்து உள்பக்கமா திரும்புது பாரு, புனல் மாதிரி." டாக்டர் ஆமாம் என்று தலையாட்டினார். தன் தலைக்குள் இருக்கும் பள்ளத்தை அவள் வேறு யாருடைய பொருளையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் தாங்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டேன்.

அடி கண்ணை அசைக்கும் நரம்பைப் பாதித்திருந்தது. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்ததால் ஒரு கண்ணைத் துணி வைத்து மூடிக்கொண்டாள். மூடியதும் இரண்டு ஒன்றாகிவிட்டது. ஆனால் தூரம் தெரியவில்லை. டம்ளருக்கு வெளியே டீயை ஊற்றினாள். கதவு நிலையில் இடித்துக்கொண்டாள். "எல்லாரும் பேப்பர்ல வரைஞ்ச மாதிரி தெரியறீங்கடி. நீயும்தான்" என்றாள் ஒருநாள். அழவில்லை. கோபத்தில் டம்ளரை வீசினாள், அதுவும் குறி தப்பி ஜன்னல் கம்பியில் பட்டது. பிறகு தன் தொழிலையே தன்மேல் பிரயோகிக்க ஆரம்பித்தாள். எது எதை மறைக்கிறது, நிழல் எங்கே விழுகிறது, தலையை அசைத்தால் எது அதிகம் நகர்கிறது என்று பார்த்துப் பார்த்து, தெருவில் நடக்கத் தானே பழகிக்கொண்டாள். அந்த நாட்களில்தான் வலிப்பும் வந்தது. முதல் முறை அவள் நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தமாகி என் மடியில் உதறிக்கொண்டு கிடந்ததை நான் மறக்க முடியாது.

தலையில் முடி முளைக்கும் முன்பே, முக்காட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டு, விசாரணைக்கு வந்தாள். முதலாளியும் அவருடைய வக்கீலும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல் சொன்னார்: "கையால போட்ட படம் சார். நாலு கோடு. அதுக்கு யார் வேணா என்ன அர்த்தம் வேணா சொல்லலாம்."

நஸீமா அதிகாரியிடம் கேட்டாள்: "சார், அந்தத் தண்ணி ஜக்குக்கு முன்னாடி இந்த ஃபைல நிமித்தி வெக்கறேன். உங்க எடத்துலேருந்து தெரியறத அப்டியே வரைவீங்களா?"

அதிகாரி சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்து வரைந்தார். பிறகு அவள் ஃபைலை எடுத்துவிட்டு, தன் கையிலிருந்த பெரிய வளையலைக் கழற்றி ஜக்குக்கு முன்னால் பிடித்தாள். அதையும் வரையச் சொன்னாள். இரண்டு படங்களையும் அருகருகே வைத்தாள். முதல் படத்தில் ஜக்கின் கோடு ஃபைலின் விளிம்பில் நின்றிருந்தது. இரண்டாவதில் வளையலுக்குள்ளும் ஜக்கு தெரிந்தது.

"இப்ப இவரு போட்ட படத்தப் பாருங்க சார்" என்றாள்.

அதிகாரி குனிந்து பார்த்தார். பிறகு அவர் முதலாளியிடம் படத்தைத் திருப்பி வைத்து, தூணின் கோடு செவ்வகத்தில் முட்டும் இடத்தில் பேனாவை வைத்தார். "இந்தக் கோடு ஏங்க இங்க நிக்குது?" என்று கேட்டார். முதலாளி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்தத் தொழிற்சாலையை மூடி முத்திரை வைத்தார்கள். எல்லா பிரஸ்ஸிலும் மூடிய காப்பு வைத்த பிறகே திறக்கவிட்டார்கள். செல்விக்கு நஷ்டஈடு கொடுக்க உத்தரவானது. நான் இனிப்பு வாங்கிக்கொண்டு மூலக்குளம் போனேன். பெட்டியைப் பார்த்ததும் நஸீமாவின் முகம் மாறியது. "ஜெயிச்சுட்டோம்னு மட்டும் சொல்லாத ஜெசி. அந்தப் பொண்ணு கை வரல" என்றாள். பெட்டியைத் திறக்காமலே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

தாக்குதல் வழக்கு தனியாக நடந்தது. யார் அனுப்பினார்கள் என்று தினேஷ் வாயைத் திறக்கவில்லை. ஜாமீனில் வெளியே வந்து வாய்தாவுக்கு வருவான். ஒரு வாய்தா அன்று நடந்ததை நான் உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். நானும் நஸீமாவும் நீதிமன்றப் படியில் இறங்கிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் அவன் இறங்கினான். ஒற்றைக் கண்ணில் படியின் உயரம் பிடிபடாமல் காலைக் காற்றில் வைத்தான். உருண்டு போய்க் கீழே விழுந்தான். முகம் தரையில் அடித்து உதடு கிழிந்தது. யாரும் தூக்கவில்லை.

நஸீமா கம்பியைப் பிடித்து மெல்ல இறங்கி அவன் முன்னால் போய் நின்றாள். அவன் பயந்து பின்னால் நகர்ந்தான்.

"தலைய ஆட்டு" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை.

"படி எறங்கறதுக்கு முன்னாடி தலைய இப்டி அந்தப்பக்கம் இந்தப்பக்கம் அசைச்சுப் பாரு. கிட்ட இருக்கற படி அதிகமா நவுரும். தூரத்துல இருக்கறது கொஞ்சமா நவுரும். அத வெச்சுக் கால எறக்கு." தன் மூடிய கண்ணைக் காட்டினாள். "எனக்கும் ஒண்ணுதான் வேலை செய்யுது. உன் புண்ணியத்துல."

அவன் வாயில் ரத்தத்தோடு, "மன்னிச்சிடுங்கக்கா" என்றான்.

"மன்னிச்சுடல்லாம் இல்ல. மன்னிக்கவும் மாட்டேன். எந்திரி" என்று சொல்லிவிட்டு நடந்தாள். வெளியே ஆட்டோவில் உட்கார்ந்தோம். "ஏன்டி அவனுக்குப் போய்ச் சொன்ன?" என்று கேட்டேன். "தெரியல. கால் தப்புறத பாத்தப்ப நானே விழுற மாதிரி இருந்துச்சு" என்றாள்.

அதற்கடுத்த வாய்தாவில் தினேஷ் எல்லாவற்றையும் சொன்னான். தன்னை அனுப்பியவர் பெயரையும் சொன்னான். அந்தப் படியில் நடந்ததுதான் காரணமா, இல்லை அவனுக்கும் முதலாளிக்கும் நடுவே வேறு ஏதாவது நடந்ததா, எனக்குத் தெரியாது. மேட்டுப்பாளையம் முதலாளியைக் கைது செய்தார்கள். அவர் இப்போது ஜாமீனில் வெளியேதான் இருக்கிறார். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

இப்போது காதர் அண்ணன் அதைக் கொலை வழக்காக மாற்றச் சொல்லி வக்கீல்களிடம் அலைந்துகொண்டிருக்கிறார். அடிக்கும் வலிப்புக்கும் சாவுக்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க அந்த டாக்டர் அம்மா சம்மதித்திருக்கிறார். முன்பெல்லாம் வலிப்பு வந்து அவள் விழுந்ததை நேரில் பார்த்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். கூப்பிடும்போது வாருங்கள். இறந்தவளுக்குப் பூ போடுவதைவிட அது அவளுக்குப் பிடிக்கும்.

அவள் ஜனாஸாவை எடுத்துக்கொண்டு ஆண்கள் கபரஸ்தானில் அடக்கம் செய்யப் போன பிறகு நான் பெண்களோடு வீட்டிலேயே இருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அவள் கடைசியாகக் கட்டியிருந்த கண்துணி துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவளுடைய அண்ணி அதை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் வேண்டாம் என்றேன். அவளுடைய பொருள் எதையும் நான் எடுத்துவரவில்லை.

நான் அடங்கிப் போகிற ஆள். என் வீட்டில், என் பள்ளியில், என் கோயிலில் எல்லா இடத்திலும் எனக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான். அவள் பக்கத்தில் இத்தனை காலம் உட்கார்ந்திருந்தும் நான் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. அவள் உயர்த்திக்கொள்வாள் என்று இருந்துவிட்டேன்.

அடக்கம் முடிந்த மறுவாரம் வேலைக்குப் போனேன். பூங்காவில் சிறுபிள்ளைகள் உட்கார்ந்து சுற்றும் ராட்டினம் ஒன்றின் படம் வந்திருந்தது. இருக்கையை முன்பக்கமிருந்து மட்டும் வரைந்திருந்தார்கள். முதுகுப்பக்கம் பிள்ளையைத் தாங்க ஏதாவது இருக்கிறதா, இல்லை வெட்டவெளியா என்று தெரியவில்லை. வாடிக்கையாளருக்குப் போன் போட்டேன். "அதெல்லாம் எதுக்கு மேடம் கேக்கறீங்க? ஏதோ ஒண்ணு போட்டு அனுப்புங்க, அவசரம்" என்றார் அவர்.

நான் கத்தினேன். "ஏதோ ஒண்ணா? கொழந்த உக்கார்ற எடம்யா அது. பின்னால என்ன இருக்குன்னு சொல்லாம ஒரு கோடு போட மாட்டேன். என்ன பண்ணுவ?" கீழே லேத்தை நிறுத்திவிட்டு ஆட்கள் மேலே பார்த்தார்கள். அந்துவான் அறையிலிருந்து ஓடிவந்து வாசலில் நின்றுவிட்டார். வாடிக்கையாளர் தணிந்த குரலில், "இருங்க மேடம், வரைஞ்சவர்கிட்டயே கேட்டுச் சொல்றேன்" என்றார்.

போனை வைத்தபோது என் முகம் கொதித்தது. அந்தக் கோபம் என்னுடையது இல்லை. நஸீமாவுடையது. அதை நான் வைத்துக்கொண்டேன்.